கீழ்த் தந்தியிலிருந்து

எங்கள் வீட்டில் சுருதி சேர்ப்பது கீழ்த் தந்தியிலிருந்துதான். மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. கச்சேரி தொடங்குவதற்கு முன் இசைக்குழுவில் ஓபோ என்னும் ஊதுகுழல் ஒரு ஸ்வரத்தை நீட்டிக் கொடுக்கும். அது மேல்பக்கத்துத் தந்தி ஒன்றின் ஸ்வரம். வயலின்காரர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றத் தந்திகளுக்கு இறங்கி வருவார்கள். என் அப்பா மட்டும் வில்லை மடியில் கிடத்தி, ஓபோவைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் தடித்த அடித் தந்தியைத் தொடுவார். அதிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் ஓபோ கொடுத்த ஸ்வரத்துக்கு வந்து நிற்பார். மயிரிழை பிசகாது.

அப்பா அந்த இசைக்குழுவில் முதல் நாற்காலி, அதாவது வயலின்களுக்குத் தலைவர். அவருக்குப் பின் நான். என் தம்பி இரண்டாம் வயலின் வரிசையில் இருந்தான். மூவரும் அப்படித்தான் சேர்த்தோம். அரங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக்கூட எங்கள் வீட்டு ஆள் மேடையில் இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். பெருமுரசு வாசிக்கும் நண்பர் ஒருவர் உண்டு, எல்லோரும் அவரை இடி என்றே கூப்பிடுவோம். அவர் சொல்வார்: "ஊரே படியில இறங்கிட்டிருக்கும், இவங்க குடும்பம் மட்டும் எதிர்ல ஏறி வரும். நாமதான் ஒதுங்கி வழிவிடணும்." அவர் கிண்டலாகச் சொன்னார். நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

தம்பிக்கு ஒரே மகள். சின்ன வயதிலேயே கை கால் எல்லாம் நீண்டு வளர்ந்ததால் வீட்டில் அவளுக்கு நெட்டை என்று பெயர். வயலினில் நல்ல கை. முதல் நாற்காலிக்கு அடுத்த ஆள் வீட்டிலேயே தயாராகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இசைக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், மாணவர்களின் நால்வர் குழுவில் வயோலா வாசிக்க வேண்டிய பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஆசிரியர் இவள் கையின் நீளத்தைப் பார்த்து அந்த வயோலாவை இவளிடம் கொடுத்துவிட்டார். பையனுக்குக் காய்ச்சல் விட்டது. இவள் வயோலாவைத் திருப்பித் தரவில்லை.

வயோலா என்றால் வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் ஆழம். மேலே வயலின்கள் பாடும், அடியில் செல்லோக்கள் முழங்கும், நடுவில் வயோலாக்கள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். என்ன சொல்கின்றன என்று யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றும். வயலினில் தேறாதவர்கள்தான் அங்கே போவார்கள் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. வயோலாவைப் பற்றி மட்டும் ஒரு மூட்டை நகைச்சுவை இருக்கிறது. செய்தி தெரிந்த அன்று இடி என்னைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, வீட்டுல எல்லாருமே பேசிட்டிருந்தா எப்படி? கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

தம்பி வீட்டுக்குப் போனேன். படிப்பை நிறுத்தியவனைக் கண்டிக்கப் போகும் பெரியவனைப் போல முதுகை நிமிர்த்தித்தான் போனேன், ஒளிப்பதற்கில்லை. அவன் மகளைக் கூப்பிட்டு, சுருதி சேர்த்துக் காட்டு என்றான். அவள் வயோலாவைத் தோளில் வைத்து அடித் தந்தியைத் தொட்டாள். வயலினுக்கு அந்தத் தந்தி கிடையாது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் தொடங்கியிராத ஆழத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறி, வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"கீழேருந்துதானே ஏறுறா," என்றான் தம்பி. "விடுண்ணா."

விட்டேன்.

அவள் கல்லூரியை முடித்த வருடமே தம்பி போய்விட்டான். இதயம். அதன்பின் வீட்டுக்குப் பெரியவன் என்ற முறையில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆனால் நெட்டை எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. தானே அலைந்தாள். கல்யாண வரவேற்புகளில் நால்வர் குழுவாக வாசித்தாள், சாப்பாட்டுப் பந்தியின் சத்தத்துக்கு நடுவில். ஓட்டல் முகப்பில், செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில் வாசித்தாள். நீர் தெறித்து வயோலாவின் வார்னிஷ் ஒரு பக்கம் மங்கிப்போனது. சலவைத்தூள் விளம்பரம் ஒன்றுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஸ்வரத்தைக் காலையிலிருந்து மத்தியானம் வரை நீட்டினாள். அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் அவள் அம்மா, "இதோ, இவதான்," என்று தொலைக்காட்சியைக் காட்டுவாள். காட்டி முடிப்பதற்குள் அந்த ஸ்வரம் முடிந்துவிடும்.

இசைக்குழுவில் யாராவது விடுப்பு எடுத்தால் பதிலாளாகக் கூப்பிடுவார்கள். வயோலா வரிசையின் கடைசி ஸ்டாண்டு, அதிலும் உள்பக்க நாற்காலி. இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்டு. அரங்கத்தை ஒட்டி இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார், உள்ளே இருப்பவர் வாசிப்பை விட்டுவிட்டுப் பக்கம் புரட்ட வேண்டும். என் அப்பாவும் நானும் மேடையில் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. அவள் வருடக்கணக்காகப் புரட்டினாள். கச்சிதமாகப் புரட்டுவாள், தாள் சலசலக்காது. அதையும் கவனித்திருக்கிறேன்.

பதிலாள் என்பது வேலையல்ல. நிரந்தர இடத்துக்குத் தேர்வு எழுதுவதுபோல வாசித்துக் காட்ட வேண்டும். வெளியாருக்கு இந்த முறை தெரிந்திருக்காது. மேடையின் குறுக்கே கறுப்புத் திரை கட்டியிருக்கும். நடுவர்கள் அரங்கத்தில் இருப்பார்கள், வாசிப்பவர் திரைக்குப் பின்னால். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆணா பெண்ணா என்று செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தரையில் கம்பளம் விரித்திருப்பார்கள். வாசிப்பவர் வாய் திறக்கக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் காதில் சொல்ல வேண்டும், அந்தப் பெண் உரக்கக் கேட்பாள். இவ்வளவும் செய்துவிட்டு, பல இடங்களில் கடைசிச் சுற்றில் திரையைத் தூக்கிவிடுவார்கள். முகத்தைப் பார்த்த பிறகுதான் கை தூக்குவது.

இரவு ரயிலில் வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு போய், வேறு இரண்டு ஊர்களில் அவள் கடைசிச் சுற்றுவரை வந்திருக்கிறாள். ஓர் இடத்தில் திரை தூக்கியதும் நடுவர் ஒருவர் என் பெயரைச் சொல்லி, அவருக்கு நீ என்ன வேண்டும் என்று கேட்டார். இவள் சொன்னாள். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் வாசிப்பு நன்றாக இருந்தது, ஆள்தான் களைத்துத் தெரிந்தாள் என்றார்களாம். இரவு முழுக்க உட்கார்ந்து போனவள் வேறு எப்படித் தெரிவாள்?

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இசைக்குழுவிலேயே வயோலா வரிசையில் ஓர் இடம் காலியாகும் என்று தெரிந்தது. வயோலாக்காரர்கள் லேசில் எழுந்திருப்பவர்கள் அல்ல. இந்த இடம் போனால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. உடனே பேச்சும் கிளம்பியது. உணவுக்கூடத்தில் ஒரு செல்லோக்காரர் வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே சொன்னதை நெட்டையே தன் காதால் கேட்டாள்: "அந்தப் பொண்ணு வாசிக்கணும்னே இல்லப்பா. பெரியப்பா பேரை ஸ்டாண்டுல வெச்சாப் போதும்."

அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. இடி சொன்னார்.

அந்த வாரமே மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். ஓய்வு பெற்றவர்களுக்கு நாங்கள் ஏதும் செய்யவில்லை என்ற குறை இருக்கிறது, தேர்வை ஒரு சம்பிரதாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் அப்பாவுக்கு அந்த இசைக்குழு எதையும் சும்மா தரவில்லை, எனக்கும் தரவில்லை, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் தர வேண்டாம் என்றேன். தேர்வு நடக்கட்டும், ஆனால் கடைசிச் சுற்றிலும் திரை இறங்கியே இருக்க வேண்டும், கை தூக்கி எண்ணி முடித்த பிறகுதான் பெயரைப் பிரிக்க வேண்டும். இதை விதியாகவே எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதி ஒட்டினார்கள். அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். நெட்டை உள்ளறையில் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தேநீரைக் கொண்டுவந்து கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தாள். வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து நெட்டைக்கு இசை ஆசிரியை வேலை வந்திருக்கிறது என்றும், வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும், நாளைக்கு இது நடக்காவிட்டால் அவள் போய்விடுவதாக முடிவு செய்துவிட்டாள் என்றும் சொன்னாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது குறைவான வேலையில்லை. ஆனால் அந்த ஊரில் இசைக்குழு கிடையாது. வயோலா தனியாக நின்று வாசிக்கும் கருவியும் அல்ல. அங்கே போனால் அவள் நடுவில் உட்கார்ந்து வாசிக்கும் வாசிப்பு அதோடு சரி.

நெட்டை வெளியே வந்ததும், நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "வெளியிலயே சுருதி சேர்த்துட்டு உள்ள போ. திரைக்குப் பின்னால தந்தியத் தொட்டுச் சேர்க்காத. நடுவர்ல பாதிப் பேர் என்னோட வாசிச்சவங்க. நீ கீழேருந்து ரெண்டு தந்தி ஏறினாப் போதும், யாருன்னு தெரிஞ்சிடும்."

"தெரியும் பெரியப்பா," என்றாள். அதையெல்லாம் அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

அவள் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "தெரிஞ்சா என்ன அத்தான்? உங்க பேரு என்ன திருட்டுச் சாமானா, மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்கு?"

"திருட்டுச் சாமான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது. அதுக்குத்தான்."

"சொல்றவன் எப்படியும் சொல்லுவான்," என்று சொல்லிவிட்டு அவள் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் அதில் பாதிதான் குடித்திருந்தேன்.

மறுநாள் நான் அரங்கக் கட்டடத்துக்குப் போனேன். ஓய்வு பெற்றவர்களுக்கென்று அங்கே ஓர் அறை இருக்கிறது. தினமும் போய்ச் செய்தித்தாள் படிப்பது வழக்கம். அன்றைக்கு மட்டும் போகாவிட்டால் ஒளிந்துகொண்டேன் என்பார்கள். போனால் எட்டிப்பார்க்க வந்தேன் என்பார்கள். வழக்கத்தை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த அறையும் அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவும் ஒரே நடைகூடத்தில் இருப்பது நான் செய்த ஏற்பாடல்ல. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நடைகூடத்து மரப்பலகையில் உட்கார்ந்தேன்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர். நெட்டைக்கு இரண்டாம் எண் விழுந்தது எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவதாக வாசித்தவர் வில்லைத் தந்தியில் வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கதவு கனமான கதவுதான், காதும் வயதான காதுதான். இருந்தாலும் தெரியும். முதல் பகுதி நன்றாகப் போயிற்று. அவசரமில்லை, காட்டிக்கொள்ளும் ஆசையும் இல்லை. நான் செய்தித்தாளைப் பிடித்தபடியே ஒரு வரியும் படிக்காமல் கேட்டேன்.

இரண்டாம் பகுதி மெதுவானது. ஒரு சிம்பொனியில் வயோலாக்களுக்கு மட்டும் வரும் நீளமான வரி, அடித் தந்தியில் தொடங்கி அடித் தந்தியிலேயே வந்து முடிவது. முதல் ஸ்வரத்திலேயே தந்தி இறங்கியிருப்பது கேட்டது. அதிகமில்லை, ஒரு நூலளவு. அரங்கத்தில் ஏசியை இரக்கமில்லாமல் போடுவார்கள். காற்று உலர்ந்து, தந்தியை இறுக்கும் மர முறுக்காணி சுருங்கிப் பிடி விட்டுவிடும். தந்தி வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். வாசிப்பை ஒரு நொடி நிறுத்தி, முறுக்காணியை அழுத்தித் திருப்பி, சுருதியைச் சரிசெய்துகொண்டு தொடர்வார்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அவள் நிறுத்தவில்லை. விரல் வைக்காமல் திறந்த தந்தியாக முழங்க வேண்டிய ஸ்வரத்தைத் தந்தியின் தலைமாட்டில் விரலை ஒட்டிவைத்து, இறங்கிய அளவுக்கு ஏற்றி வாசித்தாள். சுருதி பிசகவில்லை. ஆனால் விரல் அழுத்திய தந்தி திறந்த தந்தியைப் போல அதிராது. வாயைப் பொத்திக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. அந்த வரி முழுக்க அப்படியே வாசித்தாள். ஏன் நிறுத்தவில்லை என்று அந்தக் கட்டடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மூன்றாம் எண்காரரும் வாசித்து முடித்தபின் பக்கக் கதவு திறந்து இடி வெளியே வந்தார். அவர்தான் நடுவர் குழுவின் தலைவர். தண்ணீர்க் குழாயை நோக்கிப் போனவர் என்னைப் பார்த்ததும் நின்றார். நான் கையைத் தூக்கி, என்னிடம் எதுவும் பேச வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் வாய் கட்டுக்கு நிற்கும் வாயில்லை. என்னிடம் பேசாமல் தண்ணீர்க் குழாயிடம் பேசினார்.

"இறங்கின தந்தியத் தெரிஞ்சே சேர்க்காம வாசிக்குது ஒரு ஆளு. காது இல்லைன்றான் ஒருத்தன். காது இருக்கப்போயிதான் விரல வெச்சு ஏத்துதுங்கறான் இன்னொருத்தன். திமிருங்கறா மூணாவது அம்மா. மறுபடி கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கோம், ரெண்டாவதையும் மூணாவதையும்." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "குழாய்கிட்டதான் சொன்னேன்," என்று எனக்குத் தெரிவித்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் நடைகூடத்தின் மறுகோடியிலிருந்து நெட்டை வந்தாள், அவளும் தண்ணீருக்குத்தான். நாங்கள் பேசிக்கொள்வதாக இல்லை. அவள் குடித்தாள். முகத்தில் தெளித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"தந்தி இறங்கிடுச்சு பெரியப்பா."

"கேட்டுச்சு."

"முறுக்காணி நிக்கல. வெளிய சேர்த்துட்டுப் போனாலும் அந்தக் குளிர்ல ஒரு நிமிஷத்துல மறுபடி இறங்கிடும். உள்ளதான் சேர்க்கணும்."

அவள் குழாயை இறுக்கி மூடினாள்.

"சேர்த்தா யாருன்னு தெரிஞ்சிடும். சேர்க்கலைன்னா இடம் போயிடும்." அவள் குரலில் அழுகை எதுவும் இல்லை. முகவரி கேட்பவள் போலத்தான் கேட்டாள். "என்ன பண்ணட்டும்?"

அந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீரூற்றும் சலவைத்தூளும் இரவு ரயிலும் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவர்களில் ஒருவர் அந்தச் சுருதியைக் கேட்டுவிட்டுக் கை தூக்கினார் என்றால், சாகும்வரை அவள் அந்த நாற்காலியில் என் மடியில் உட்கார்ந்திருப்பதாகத்தான் ஊர் பேசும். அவளுக்கே அந்தச் சந்தேகம் போகாது. அதை அவளுக்குக் கொடுப்பதைவிடப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடலாம்.

"தெரியக்கூடாது," என்றேன்.

"அப்போ?"

 யோசித்துச் சொல்ல நேரம் இல்லை. திரைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண், இசைத்தாள்களைப் பராமரிப்பவள், கதவைத் திறந்து இரண்டாம் எண் என்று கூப்பிட்டாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காதவள்போல நின்றாள். நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

உள்ளே அமைதியாக இருந்தது. கம்பளத்தின்மேல் நடந்து போயிருப்பாள். வயோலாவைத் தோளில் வைத்திருப்பாள். இப்போது அடித் தந்தியைத் தொடுவாள், அல்லது தொடாமல் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வாசிப்பாள். இரண்டில் ஒன்று என்று நினைத்துக் காத்திருந்தேன்.

மேல் தந்தி ஒலித்தது.

மேல் தந்தி. அதன்பின் அதற்கு அடுத்ததும் அதுவும் சேர்ந்து. கை தடுமாறியது. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் டம்ளர் தேடுபவளைப் போல, ஒரு முறை அதிகமாகத் திருப்பி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, படி படியாகக் கீழே இறங்கி வந்தாள். மற்றவர்கள் எல்லோரும் வருகிற வழி. எங்கள் அப்பா வராத வழி. அவளுடைய அப்பாவும் வராத வழி. கடைசியில் அடித் தந்தியை எட்டி, முறுக்காணியை அழுத்தி ஏற்றி, நிறுத்தினாள். யாரோ முன்பின் தெரியாத ஒரு வயோலாக்காரி உள்ளே சுருதி சேர்த்ததுபோல இருந்தது.

பிறகு அந்த மெதுவான வரியை வாசித்தாள். இந்த முறை அடித் தந்தி திறந்து முழங்கியது. நடைகூடத்து மரப்பலகையில் கை வைத்திருந்தேன், பலகையில் அதிர்வு தெரிந்தது. அவ்வளவு நீளமான வரியில் ஒரு தொங்கல் இல்லை, ஓர் இடத்தில்கூட யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது இல்லை. நான் அவள் பெரியப்பா, என் அபிப்பிராயம் செல்லாது. செல்லக்கூடாது என்பதற்குத்தான் விதி போட்டேன்.

மூன்றாம் எண்காரரும் மறுபடி வாசித்தார். அதன்பின் முடிவு வர அதிக நேரமாகவில்லை. இடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்த முறை என் சைகையையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. கை தூக்கி எண்ணியாகிவிட்டது, பெயரையும் பிரித்துப் பார்த்தாகிவிட்டது.

"உங்க வீட்டுப் பொண்ணு," என்றார். "ரெண்டாம் நம்பர். ஒருத்தர் விடாம எல்லாரும் கை தூக்கினோம்." சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். மேலேருந்து சேர்த்தாளே? நான் மூணு பேர்லயும் கீழேருந்து எது வருதுன்னுதான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டாவது ஆளு மேல தொட்டதும், சரி, இது அவ இல்லன்னு காலை நீட்டிட்டு உட்கார்ந்து நிம்மதியாக் கேட்டேன்."

"கீழேருந்து வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். அவர் யோசித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "வந்திருந்தா," என்றார், "கை தூக்கியிருப்பேனோ என்னவோ. உங்களுக்காகத் தூக்குறேனோன்னு தோணியிருக்கும். உங்களுக்குப் பயந்து தூக்காம விடுறேனோன்னும் தோணியிருக்கும். ரெண்டுல எது ஜெயிச்சிருக்கும்னு எனக்குத் தெரியல."

இதை நெட்டையிடம் அவர் சொன்னாரா என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

வெளியூர்ப் பள்ளிக்கு வரவில்லை என்று அவள் பதில் அனுப்பினாள். அந்தப் பருவத்தின் முதல் கச்சேரிக்குத் தம்பி மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் அதே கடைசி ஸ்டாண்டு, அதே உள்பக்க நாற்காலி, அதே பக்கம் புரட்டல். ஆனால் இப்போது அது அவளுடைய நாற்காலி. ஓபோ ஊதியது. எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை, திரையும் இல்லை. சத்தம் அடங்கியபின் அடியிலிருந்து ஒரு தந்தி ஏறி வரும் என்று நான் காத்திருந்தேன். எனக்கு முன்வரிசையில் இருந்த பழைய ரசிகர் ஒருவரும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். சத்தம் அடங்கியது. எதுவும் வரவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவளும் இறங்கி முடித்திருந்தாள்.

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது அதைப் பற்றிக் கேட்பதா வேண்டாமா என்று கொஞ்ச தூரம் யோசித்தேன். கேட்டேன். இனிமேல் நம் வழியில் சேர்க்கலாமே, தடை ஒன்றுமில்லையே என்றேன்.

நெட்டை வயோலாப் பெட்டியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த இடம் மேலேருந்து சேர்த்த பொண்ணுக்குத்தான் கெடச்சுது பெரியப்பா. அவதான் அதுல உட்காரணும்."

முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்த அவள் அம்மா, "கேட்டீங்களா அத்தான்? எங்கேருந்து வந்துச்சு இந்த வீம்பு?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள். கேட்டவளுக்கே பதில் தெரியும் என்பதால் நான் சும்மா நடந்தேன்.

இப்போதும் சில மாலைகளில் தம்பி வீட்டுக்குப் போவதுண்டு. வாசற்கதவை எட்டும்போது உள்ளறையில் அவள் சாதகத்துக்கு உட்காருவாள். அங்கே ஓபோவும் இல்லை, நடுவர்களும் இல்லை. அடித் தந்தியில்தான் தொடங்குகிறாள். ஒவ்வொன்றாக ஏறி மேலே வந்து சேர்கிறவரை நான் வெளியிலேயே நிற்கிறேன். வந்து சேர்ந்த பிறகு அழைப்புமணியை அழுத்துகிறேன்.